'யூபர்ஸ் க்னீ ப்ரெஹென்': எங்கே சொல்லலாம், எங்கே பொருந்தாது?

நெல்லைச்சீமை (ஸ்டுட்கார்ட்)

எல்லோருக்கும் வணக்கம். ஜெர்மன் மொழியில் பி2 நிலை முடித்துவிட்டு இப்போது அடுத்த நிலையான சி1 வகுப்பில் இருக்கிறேன். வேலை இடத்தில் ஒரு ஜெர்மன் தொடர் திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. முதலில் கேட்டது ஒரு கூட்டத்தில். ஒரு உதிரிபாகத்துக்கு சப்ளையரை மாற்றலாமா என்று பேச்சு. விலைப்பட்டியல் திரையில் ஓடுகிறது, எல்லோருக்கும் சம்மதம் போலத்தான் இருந்தது. பிரிவுத் தலைவர் மடிக்கணினியை மூடிக்கொண்டே, "தாஸ் வொலன் வியர் நிஹ்ட் யூபர்ஸ் க்னீ ப்ரெஹென்" என்றார். அவ்வளவுதான், பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

சொல்லுக்குச் சொல் பார்த்தால், "இதை முழங்காலில் வைத்து முறிக்க வேண்டாம்". அவசரப்பட வேண்டாம் என்கிறார் என்பது இடத்தை வைத்தே புரிந்தது. புரிவது வேறு, நம் வாயில் சரியாக வருவது வேறு. இதை மேலதிகாரியிடம் நான் சொல்லலாமா? ஒருவர் கோபத்தில் சட்டென்று ஏதாவது செய்துவிட்டால் அதற்கும் இதுதானா? வகுப்பில் சொல்லிக் கொடுத்த 'ஹல்ஸ் யூபர் கொப்ஃப்' என்பதும் அவசரம்தானே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

கோவைக்காரன் (லைப்ஸிக்)

இதில் என்ன குழப்பம் தம்பி? நம்ம ஊர் "எடுத்தேன் கவிழ்த்தேன்" இருக்கிறதே, அதுதான் இது. அப்படியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறக்கவே மறக்காது.

மொழித்தச்சன் (சென்னை)

கோவைக்காரர் சொன்னது பாதி வழி வரைக்கும் கொண்டுபோகும். அங்கிருந்து கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கிறது. நான் ஜெர்மன் கற்றுக்கொடுப்பவன், இந்தத் தொடரில் மாணவர்கள் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் படம். விறகைச் சரியான அளவுக்குத் துண்டு போட வேண்டுமென்றால் ரம்பமோ கோடரியோ எடுக்க வேண்டும், அடியில் கட்டை வைக்க வேண்டும், நேரம் பிடிக்கும். மெல்லிய சுள்ளி என்றால் யாரும் அதற்கெல்லாம் போவதில்லை. இரண்டு முனையையும் பிடித்து முழங்காலில் வைத்து ஒரே அழுத்து. முறிந்துவிடும். ஆனால் நினைத்த இடத்தில் முறியாது, முறிந்த இடமும் சிம்பு சிம்பாக நிற்கும். இந்தத் தொடர் வந்த வழி என்று ஜெர்மன் அகராதிகள் காட்டுவது இதைத்தான். எனவே வேகம் மட்டும் இதன் பொருள் அல்ல. முறையாகச் செய்ய வேண்டிய ஒன்றை, அதற்கான கருவியும் நேரமும் கொடுக்காமல் முடித்துவிடுவது. "வேலை அரைகுறையாகப் போகும்" என்ற எச்சரிக்கை அதற்குள்ளேயே இருக்கிறது.

அடுத்து இலக்கணம். முழு வடிவம் 'எட்வாஸ் யூபர்ஸ் க்னீ ப்ரெஹென்'. அந்த 'எட்வாஸ்' (ஏதோ ஒன்றை) ரொம்ப முக்கியம். இந்தத் தொடருக்கு ஒரு செயப்படுபொருள் கட்டாயம் வேண்டும், அதுவும் இரண்டாம் வேற்றுமையில். முடிவு, ஒப்பந்தம், சட்டத் திருத்தம், கல்யாணம், வீடு வாங்குவது, வேலையை விடுவது என்று யோசித்துச் செய்ய வேண்டிய எதையும் அந்த இடத்தில் வைக்கலாம். ஆளை வைக்க முடியாது. சாப்பாட்டையும் வைக்க முடியாது. அவசர அவசரமாகக் காலை உணவை விழுங்கிவிட்டு ஓடுவதற்கு இந்தத் தொடர் வராது, ஏனென்றால் அங்கே முடிவெடுக்க ஒன்றுமில்லை.

'யூபர்ஸ்' என்பது 'யூபர் தாஸ்' என்பதன் சுருக்கம். அதைப் பிரித்து எழுதினால் மரபுத்தொடர் போய், நிஜமாகவே யாரோ முழங்காலில் எதையோ முறிக்கிற காட்சி வந்துவிடும். இரண்டு முழங்கால் இருக்கிறதே என்று பன்மையாக்கவும் கூடாது. உறைந்துபோன வடிவம், அப்படியேதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒன்று. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. இந்தத் தொடரைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். 'நிஹ்ட்' அல்லது 'நிஹ்ட்ஸ்' என்ற எதிர்மறையோடு சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். பேச்சில் இது பெரும்பாலும் அப்படித்தான் வாழ்கிறது. "தாஸ் ஸொல்டன் வியர் நிஹ்ட் யூபர்ஸ் க்னீ ப்ரெஹென்": இதில் நாம் அவசரப்பட வேண்டாம். "இஹ் வில் நிஹ்ட்ஸ் யூபர்ஸ் க்னீ ப்ரெஹென்": நான் எதையும் அவசரத்தில் முடித்துவிட விரும்பவில்லை. எதிர்மறை இல்லாமல் வந்தால் அது பெரும்பாலும் நடந்து முடிந்த ஒன்றைப் பற்றிய குறை: "டீ என்ட்ஷைடுங் வுர்டெ யூபர்ஸ் க்னீ கெப்ரொஹென்". சரியாக யோசிக்காமல் முடிவெடுத்துவிட்டார்கள் என்று பொருள்.

அதனால்தான் "எடுத்தேன் கவிழ்த்தேன்" பாதி வழி என்றேன். "அந்த ஆள் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று பேசுவார்" என்கிறோம். அது ஒருவருடைய சுபாவத்தைச் சொல்கிறது, பேச்சையும் சேர்த்துச் சொல்கிறது. ஜெர்மன் தொடர் சுபாவத்தைத் தொடுவதே இல்லை. பேச்சுக்கும் வராது. பேசுகிற விஷயத்தின் மேல்தான் கண்.

கோவைக்காரன் (லைப்ஸிக்)

ஐயா, பேச்சுக்கு வராது என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் "எடுத்தேன் கவிழ்த்தேன்னு எதையும் பண்ணாதே" என்று எங்கள் வீட்டில் சொல்வது காரியத்தைத்தானே? நிலம் விற்கிற பேச்சு வந்தபோது எங்கள் தாத்தா சொன்ன வார்த்தை அதேதான். ஆகவே காரியத்துக்கும் அது வரும். மொழித்தச்சன் ஐயா கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கிறார் என்று தோன்றுகிறது.

டோர்ட்மண்ட் தமிழிச்சி

நான் இங்கேயே பிறந்து வளர்ந்த ஆள். அப்பா அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். வீட்டில் தமிழ், வெளியில் ஜெர்மன். அதனால் இந்தத் தொடரை நான் படித்ததில்லை, கேட்டுக் கேட்டு வந்ததுதான். இரண்டு மொழியும் கதைக்கிற ஆளாக ஒன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

கோவை அண்ணா, உங்கட தாத்தா சொன்னது சரி. ஆனால் அவர் யாரைப் பார்த்துச் சொன்னார்? தன்னைவிட இளையவர்களை. "எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்யாதே" என்பதில் ஒரு அதட்டல் இருக்கிறது. அதை நான் என் மாமாவிடம் சொல்ல முடியாது, சொன்னால் மரியாதைக் குறைவு. ஜெர்மன் தொடரில் அந்த அதட்டல் இல்லை. வேலை இடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் இயக்குநரிடமே சொல்லலாம். ஏனென்றால் அங்கே 'வியர்' (நாம்) வருகிறது. நீ அவசரக்காரன் என்று யாரையும் சுட்டுவதில்லை. நாம் எல்லோரும் சேர்ந்து கொஞ்சம் பொறுப்போம் என்று வருகிறது.

நெல்லைச்சீமை அண்ணாவின் கேள்விக்கு இதுதான் பதில்: மேலதிகாரியிடம் தாராளமாகச் சொல்லலாம், 'வியர்' அல்லது 'இஹ்' என்று ஆரம்பித்தால். "ஸீ ஹாபன் தாஸ் யூபர்ஸ் க்னீ கெப்ரொஹென்" (நீங்கள் இதை அவசரத்தில் முடித்துவிட்டீர்கள்) என்று ஆரம்பித்தால் அது நேரடியான குற்றச்சாட்டு. அதை யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

இன்னுமொன்று. என்னிடம் தமிழில் எப்படிச் சொல்வாய் என்று கேட்டால், எதிர்மறை வடிவத்துக்கு நான் "ஆற அமரச் செய்வம்" என்றுதான் சொல்வேன். அம்மா அப்படித்தான் சொல்லுவா. தொனி அச்சொட்டாக அதேதான்.

மொழித்தச்சன் (சென்னை)

"ஆற அமர"! வகுப்பில் நான் எத்தனையோ விளக்கம் கொடுத்திருக்கிறேன், இது எனக்குத் தோன்றவில்லை. நன்றி அம்மா. ஜெர்மன்காரர் எதிர்மறையில் சொல்வதை நாம் உடன்பாட்டில் சொல்கிறோம். அதே இடம், அதே மரியாதை. இனி நான் இப்படித்தான் சொல்லிக் கொடுக்கப் போகிறேன்.

கோவைக்காரரே, காரியத்துக்கும் "எடுத்தேன் கவிழ்த்தேன்" வரும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன்.

இரவுப்பணி (மியூனிக்)

எலும்பு மூட்டு வார்டில் செவிலியாக இருக்கிறேன். இந்தத் தொடரை எங்கள் வார்டு அளவுக்கு வேறு எங்கும் சொல்வார்களா தெரியவில்லை! முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்த ஒரு பாட்டி. எண்பது வயதுக்கு மேல் இருக்கும். வீட்டுக்குப் போக வேண்டும், பூனை தனியாக இருக்கிறது என்று ஒரே பிடிவாதம். காலையில் சுற்று வந்த தலைமை மருத்துவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலைப் பார்த்தபடியே, "டீ என்ட்லாஸுங் ப்ரெஹென் வியர் யெட்ஸ்ட் நிஹ்ட் யூபர்ஸ் க்னீ" என்றார். டிஸ்சார்ஜை இப்போது அவசரப்படுத்த வேண்டாம் என்று அர்த்தம். பாட்டி ஒரு நொடி அவரைப் பார்த்துவிட்டு, தன் முழங்காலைத் தொட்டுக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்துக் கட்டில் வரை சிரிப்பு. அன்றைக்கு மருந்து, பிசியோ எதற்கும் முரண்டு பிடிக்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது வினையின் இடம். துணைவினை இல்லாதபோது 'ப்ரெஹென்' முன்னால் வந்துவிடுகிறது, 'யூபர்ஸ் க்னீ' கடைசிக்குப் போய்விடுகிறது. காது முழுத் தொடரையும் ஒன்றாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தால் பிடிபடாது. வார்டில் பேச்சு வேகமாகப் போகும், அதனால் சொல்கிறேன்.

உச்சரிப்பும் எழுதிவிடுகிறேன், புதிதாக வரும் தங்கைகள் கேட்பதுண்டு. 'க்னீ'யில் 'க்' வாயில் வர வேண்டும், ஆங்கிலத்தில் போல விழுங்கக் கூடாது. 'யூபர்ஸ்' என்று நாம் எழுதினாலும் அதில் 'ய' ஓசை கிடையாது. 'ஊ' சொல்கிற மாதிரி உதட்டைக் குவித்துக்கொண்டு, நாக்கை மட்டும் 'ஈ' சொல்கிற இடத்தில் வைத்தால் அந்த ஓசை வரும். கண்ணாடி முன்னால் நின்று செய்து பாருங்கள், உதடு அசையவே கூடாது.

'ப்ரெஹென்' என்பதில் வரும் 'ஹ' மெல்லியது. 'ஹி' என்று காற்றை மட்டும் விட்டுப் பாருங்கள், அதுதான். 'ப்ரிஹ்ட்' என்று மாறும்போதும் அதே மெல்லிய ஓசை. ஆனால் இறந்த காலத்தில் 'ப்ராஹ்', 'கெப்ரொஹென்' என்று ஆகும்போது அது தொண்டைக்குள் இறங்கிவிடும், கரகரப்பாக வரும். ஒரே வினைக்குள் இரண்டு 'ஹ'வும் இருக்கின்றன. முன்னால் 'எ', 'இ' வந்தால் மெல்லியது, 'ஆ', 'ஒ' வந்தால் கரகரப்பு. இந்த ஒரு வினையை வைத்தே இரண்டையும் பழகிவிடலாம்.

நெல்லைச்சீமை (ஸ்டுட்கார்ட்)

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. இரவுப்பணி அக்கா, உச்சரிப்பு விளக்கத்தை அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன்.

ஆனால் இரண்டு கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. 'ஹல்ஸ் யூபர் கொப்ஃப்' எப்படி வேறுபடுகிறது? கோபத்தில், பதற்றத்தில் செய்வதற்கு எது?

மொழித்தச்சன் (சென்னை)

ஹல்ஸ் என்றால் கழுத்து, கொப்ஃப் என்றால் தலை. கழுத்து தலைக்கு மேலே போகிற அளவுக்குக் குப்புற விழுந்தடித்துக்கொண்டு ஓடுகிற படம். அது வினையடை. செயப்படுபொருளைக் கேட்காது, எந்த வினையோடும் வந்து ஒட்டிக்கொள்ளும். விழுந்தடித்துக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்புவது, கண்டதும் காதலில் விழுவது, திடீர்க் கல்யாணம், எல்லாவற்றுக்கும் வரும். அதில் எப்போதும் கண்டனம் இருக்க வேண்டும் என்றில்லை. "ஹல்ஸ் யூபர் கொப்ஃப் காதலில் விழுந்தேன்" என்று ஒருவர் சந்தோஷமாகச் சொல்லிக்கொள்வார். காதலை 'யூபர்ஸ் க்னீ' முறித்தேன் என்று சொல்ல வழியே இல்லை. ஆனால் அந்தக் கல்யாணத் தேதியை முடிவு செய்வதை 'யூபர்ஸ் க்னீ' முறிக்கலாம்.

கோபம், பயம், அதிர்ச்சி இவற்றில் சட்டென்று செய்துவிடுவதற்கு ஜெர்மனில் அழகான சொல் இருக்கிறது: 'குர்ட்ஸ்ஷ்லுஸ்ரெஆக்ட்ஸியோன்'. குர்ட்ஸ்ஷ்லுஸ் என்றால் மின்சாரத்தில் வரும் ஷார்ட் சர்க்யூட். மூளையில் ஃபியூஸ் போய்விட்ட மாதிரி ஒரு கணத்தில் செய்வது. 'யூபர்ஸ் க்னீ' அந்தச் சூட்டைச் சொல்வதில்லை. நிதானமான ஆட்கள், குளிரூட்டிய அறையில், காபி குடித்துக்கொண்டே ஒன்றை 'யூபர்ஸ் க்னீ' முறித்துவிட முடியும். தேர்வுக்குப் படிப்பவர்கள் கட்டாயம் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டிய இடம் இது.

பக்கத்து வீட்டுக்காரர்கள் இன்னும் சிலர் உண்டு. 'ஷ்னெல்ஷுஸ்' என்பது குறி பார்க்காமல் சுட்ட சூடு, அரசியல் செய்திகளில் நிறைய வரும். 'மிட் டேர் ட்யூர் இன்ஸ் ஹவுஸ் ஃபாலன்' என்றால் கதவோடு சேர்ந்து வீட்டுக்குள் விழுவது: நலம் விசாரிக்காமல், முன்னுரை எதுவும் இல்லாமல், வந்த விஷயத்தைப் போட்டு உடைப்பது. கோவைக்காரர் சொன்ன "எடுத்தேன் கவிழ்த்தேன்" பேச்சுக்கு வரும்போது கிட்டத்தட்ட அந்தப் பக்கம் சாய்கிறது. குளிப்பாட்டிய தண்ணீரோடு குழந்தையையும் சேர்த்துக் கொட்டுகிற தொடரும் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அது ஜெர்மன் மண்ணில் பழையது. தோமாஸ் முர்னர் என்ற துறவி 1512இல் வெளியிட்ட அங்கத நூலில் அதற்கு மரச்செதுக்குப் படமே இருக்கிறது. ஆனால் அது அவசரத்தைவிட, கெட்டதை ஒழிக்கிற வேகத்தில் நல்லதையும் ஒழிப்பதைச் சொல்வது.

பத்திரப்பணி (ஃபிராங்க்ஃபர்ட்)

மொழி விளக்கத்தில் எனக்குச் சேர்க்க ஒன்றுமில்லை. சொத்துப் பத்திரம் தொடர்பான வேலையில் இருக்கிறேன். எங்கள் மேசையில் இந்தத் தொடர் வாயால் சொல்லப்படுவதைவிடச் சட்டமாகவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதைச் சொன்னால் இந்த ஊர்க்காரர்கள் ஏன் இந்தத் தொடரை இவ்வளவு சொல்கிறார்கள் என்பது விளங்கும் என்று நினைக்கிறேன்.

ஜெர்மனியில் வீடோ நிலமோ வாங்கும் ஒப்பந்தம் நோட்டார் (பத்திரங்களை உறுதிசெய்யும் சட்ட அலுவலர்) முன்னால்தான் செல்லும். அந்த நோட்டார் முழுப் பத்திரத்தையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாய்விட்டு வாசிக்க வேண்டும், அது சட்டம். கட்டட நிறுவனம் போன்ற ஒரு வியாபாரியிடமிருந்து சாதாரணக் குடும்பம் வாங்குவதாக இருந்தால், வரைவு வழக்கமாக இரண்டு வாரம் முன்பே அவர்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். "இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் விலை குறைப்போம்" என்று யாராவது நெருக்கினால், "தாஸ் மோஹ்டெ இஹ் நிஹ்ட் யூபர்ஸ் க்னீ ப்ரெஹென்" என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

இணையத்திலோ தொலைபேசியிலோ வீட்டு வாசலில் வந்து பேசியோ முடித்த ஒப்பந்தம் என்றால் பொதுவாக 14 நாள் அவகாசம் உண்டு, காரணம் சொல்லாமலே திரும்பப் பெறலாம். அதற்கு 'வீடர்ரூஃப்' என்று பெயர். ஆனால் கடைக்கு நேரில் போய் வாங்கியதற்கு அந்த உரிமை சட்டப்படி கிடையாது. கடை திருப்பி எடுத்துக்கொண்டால் அது அவர்கள் பெருந்தன்மை. புதிதாக வந்த நம் பிள்ளைகள் இதை நிறையப் பேர் கலந்து குழப்பிக்கொள்கிறார்கள்.

வேலையை விடுவதிலும் அப்படித்தான். 'க்யூண்டிகுங்' (வேலையை விடுகிறேன் என்ற கடிதம்) தாளில், பேனாவால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் செல்லும். ராத்திரி கோபத்தில் அனுப்பிய மின்னஞ்சலோ வாட்ஸாப் செய்தியோ ராஜினாமா ஆகாது. ஆனால் கையெழுத்துப் போட்ட தாள் அவர்கள் கைக்குப் போய்விட்டால், அவர்கள் சம்மதம் இல்லாமல் திரும்ப வாங்க முடியாது. அடுத்த வேலை கையில் இல்லாமல், தக்க காரணமும் இல்லாமல் நீங்களாக விட்டால், வேலையில்லாக் காலப் பணம் வழக்கமாக 12 வாரம் நிறுத்தி வைக்கப்படும். 'ஷ்பெர்ட்ஸைட்' என்பார்கள். வேலையோடு விசாவும் கட்டப்பட்டிருப்பவர்கள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்காமல் அந்தத் தாளைக் கொடுக்கவே கூடாது. இதை நான் வலியுறுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் அதன் பிறகு யாராலும் உதவ முடிவதில்லை.

டோர்ட்மண்ட் தமிழிச்சி

பத்திரப்பணி அண்ணா எழுதியதைப் பார்த்ததும் தம்பி சொன்னது ஞாபகம் வருகிறது. அவன் புண்டஸ்வேரில், அதாவது ஜெர்மன் ராணுவத்தில் இருக்கிறான். அங்கே ஒரு சிப்பாய் தன் மேலதிகாரி மேல் முறையீடு கொடுக்க வேண்டுமென்றால், சம்பவம் நடந்த அன்றைக்கே கொடுக்க முடியாது. ஒரு இரவு கழிய வேண்டும். ஒரு மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று மற்றப் பக்கமும் எல்லை உண்டு. மேலதிகாரிக்கும் அதே கட்டுப்பாடு: குற்றம் தெரியவந்து ஒரு இரவு போன பிறகுதான் தண்டனை விதிக்கலாம். சட்டத்திலேயே 'ஒரு இரவு' என்றுதான் இருக்கிறது, இத்தனை மணி நேரம் என்று இல்லை.

பேச்சு ஜெர்மனில் 'ஐனெ நாஹ்ட் ட்ரூபர் ஷ்லாஃபன்' என்று சொல்வார்கள், ஒரு ராத்திரி அதன் மேல் படுத்து எழும்புவது. 'யூபர்ஸ் க்னீ' சொன்னதும் பின்னாலேயே இந்த வசனம் வரும். "யூபர்ஸ் க்னீ வேண்டாம், ஒரு இரவு படுத்து எழும்பிச் சொல்லுறன்." இரண்டையும் சோடியாகப் பழகினால் இங்கத்தைய ஆட்கள் கதைக்கிற மாதிரியே வரும்.

கோவைக்காரன் (லைப்ஸிக்)

அருமை தங்கச்சி. இந்த இழையில் எனக்குப் பிடித்த தகவல் இதுதான். கோபத்தில் இருக்கிறவனுக்கும் அதிகாரத்தில் இருக்கிறவனுக்கும் ஒரே ராத்திரியைக் கொடுத்திருக்கிறார்கள், அது நியாயம்.

பிரஷ்யத் தளபதி மோல்ட்கெயின் குறிக்கோள் வாசகம் 'எர்ஸ்ட் வேகன், டான் வாகன்'. முதலில் எடை போடு, பிறகு துணி என்று பொருள். ஒரே ஓர் உயிரெழுத்து வித்தியாசத்தில் இரண்டு வினை. படிக்கும்போதே "எண்ணித் துணிக கருமம்" என்று வாய் தானாக முணுமுணுத்தது. குறள் 467 இன்னும் ஒரு படி மேலே போகிறது, துணிந்த பிறகு எண்ணிக்கொள்ளலாம் என்பது இழுக்கு என்று. 'யூபர்ஸ் க்னீ' முறித்தவர்கள் செய்வது அதைத்தான்.

தாயக்கட்டை (சூரிச்)

சுவிஸ் பக்கத்திலிருந்து. இங்கேயும் 'யூபர்ஸ் க்னீ' எல்லோருக்கும் புரியும். கூடவே 'ஐலெ மிட் வைலெ' என்பார்கள், நிதானத்தோடு அவசரப்படு என்று. சுவிஸ் வீடுகளில் அது ஒரு பலகை விளையாட்டின் பெயரும்கூட. பகடை உருட்டிக் காய் நகர்த்தி, அடுத்தவர் காயை வெட்டி வீட்டுக்கு அனுப்புவது. நம் ஊரின் பச்சீசி வழி வந்த ஆட்டம். தாயம் ஆடியவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது. ஜெர்மனியில் பிரபலமான 'மென்ஷ் எர்கரெ டிஹ் நிஹ்ட்' விளையாட்டும் அதே குடும்பம்தான்.

ஆஸ்திரியா, பவேரியா பக்கம் போனால் 'நூர் நிஹ்ட் ஹூடெல்ன்' என்று கேட்பீர்கள். அவசரக் கோலம் வேண்டாம் என்கிற அர்த்தம். அது வீட்டிலும் பட்டறையிலும் சொல்வது, கையால் செய்கிற வேலைக்கு நன்றாகப் பொருந்தும். அலுவலகக் கடிதத்தில் எழுதக்கூடியது அல்ல. இரவுப்பணி அக்காவுக்குத் தெரிந்திருக்கும்.

இரவுப்பணி (மியூனிக்)

தெரியாமலா! ஊசி போடும்போதும், கட்டுப் பிரிக்கும்போதும் மூத்த செவிலிகள் இதைத்தான் சொல்வார்கள். நோயாளியைக் கட்டிலிலிருந்து எழுப்பி நிறுத்தும்போதும் இதேதான். நீங்கள் சொன்ன பிரிவு சரி. கை அவசரத்துக்கு 'ஹூடெல்ன்', முடிவு அவசரத்துக்கு 'யூபர்ஸ் க்னீ'.

நெல்லைச்சீமை (ஸ்டுட்கார்ட்)

நானாகச் சில வாக்கியங்கள் எழுதிப் பார்த்தேன். மொழித்தச்சன் ஐயா பார்த்துச் சொல்ல வேண்டும்.

"வியர் ஹாபன் நோஹ் ட்ஸைட், வியர் மியுஸன் நிஹ்ட்ஸ் யூபர்ஸ் க்னீ ப்ரெஹென்." (இன்னும் நேரம் இருக்கிறது, எதையும் அவசரத்தில் முடிக்க வேண்டியதில்லை.)

"இஹ் மோஹ்டெ மிஹ் என்ட்ஷைடன், ஓனெ எட்வாஸ் யூபர்ஸ் க்னீ ட்ஸு ப்ரெஹென்." (அவசரப்படாமல் முடிவெடுக்க விரும்புகிறேன்.)

"ஐனெ யூபர்ஸ் க்னீ கெப்ரொஹெனெ ரெஃபோர்ம்." (அவசரத்தில் கொண்டுவந்த சீர்திருத்தம்.) இப்படிப் பெயரெச்சம் போல வைக்கலாமா? பேச்சில் கேட்டதாக ஞாபகம் இல்லை.

மொழித்தச்சன் (சென்னை)

மூன்றும் சரி. இரண்டாவதில் 'ட்ஸு' என்பதை 'ப்ரெஹென்'னுக்கு நேர் முன்னால் வைத்திருக்கிறீர்கள், அந்த இடத்தில்தான் பலருக்குச் சறுக்கும். மூன்றாவது எழுத்து நடை. செய்தித்தாளில், தலையங்கத்தில் வரும், பேச்சில் அபூர்வம். செய்திகளில் இந்தத் தொடரைப் பார்க்க ஆசைப்பட்டால், கூட்டணி அரசு அமைக்கிற காலத்துச் செய்திகளைத் தேடிப் படியுங்கள். 2017 செப்டம்பரில் தேர்தல் நடந்து, 2018 மார்ச்சில்தான் புது அரசு பதவியேற்றது. அப்படி மாதக்கணக்கில் பேச்சுவார்த்தை இழுக்கும்போது இந்தத் தொடருக்கு வேலை நிறைய.

பி2 தேர்வுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோதே நிறுவனம் நடத்தும் ஜெர்மன் தேர்வின் பேச்சுப் பகுதியில் இருவர் விவாதிக்க வேண்டும். மற்றவர் ஒரு யோசனையை வேகமாகத் தள்ளிக்கொண்டு போகும்போது, "தா ஸொல்டெ மான் நிஹ்ட்ஸ் யூபர்ஸ் க்னீ ப்ரெஹென்" என்று இடையில் போட்டால் இயல்பாக உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். உடனே "வைல்" (ஏனென்றால்) என்று காரணத்தைத் தொடர வேண்டும். தேர்வாளருக்கு மரபுத்தொடரைவிட அந்தக் காரணம்தான் முக்கியம்.

கோவைக்காரன் (லைப்ஸிக்)

எனக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. மேலாளர் இதைச் சொல்லிவிட்டால் அது நாசூக்கான மறுப்பா? நம் ஊரில் "பார்க்கலாம்" என்றால் பாதி நேரம் "இல்லை" என்றுதானே அர்த்தம்.

டோர்ட்மண்ட் தமிழிச்சி

நான் வேலை செய்கிற இடங்களில் பார்த்த மட்டில் இல்லை, அண்ணா. வேண்டாம் என்றால் இங்கே வேண்டாம் என்றே சொல்லிவிடுவார்கள். 'யூபர்ஸ் க்னீ' சொன்னால் விஷயம் உயிரோடுதான் இருக்கிறது, இன்னும் ஏதோ தகவல் வேண்டும், அல்லது வேறு யாரையோ கேட்க வேண்டும். நெல்லைச்சீமை அண்ணா, உங்கட பிரிவுத் தலைவரிடம் "பிஸ் வான் ப்ராஹ்டன் வியர் ஐனெ என்ட்ஷைடுங்?" (எப்போதைக்குள் முடிவு வேண்டும்?) என்று கேட்டால் திகதி சொல்லுவார். கேட்பதில் தப்பே இல்லை, கேட்க வேண்டும் என்றுதான் எதிர்பார்ப்பார்கள். அப்படிக் கேட்டு எழுதி வைக்காவிட்டால்தான் அது அப்படியே கிடந்துவிடும்.

நெல்லைச்சீமை (ஸ்டுட்கார்ட்)

கேட்டேன். அடுத்த மாதத் தொடக்கம் என்றார், அதற்குள் இரண்டு சப்ளையரின் மாதிரிகளையும் சோதித்து அறிக்கை கொடுக்கச் சொல்லி அந்த வேலையை என்னிடமே தந்திருக்கிறார். அறிக்கை எழுதுவதில் சந்தேகம் வந்தால் தனி இழை தொடங்குகிறேன், நீங்கள் எல்லோரும் அங்கே வர வேண்டும்.